வரிசை எண் முப்பத்தொன்றின் காதுகள்

குற்றச்சாட்டு: 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கும் ஒன்பதே காலுக்கும் இடையில், பீரங்கிப் படைப்பிரிவு முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில், பணி விடுவிப்புப் பட்டியலில் இருந்த நாற்பத்து மூன்று படைவீரர்களின் செவித்திறனைத் தனித்தனியே சோதித்ததாகக் கையொப்பமிட்ட மருத்துவ அதிகாரி, அவர்களில் ஒருவருடைய காதையும் விதிப்படி சோதிக்கவில்லை.

இந்த ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்கப் பீரங்கியாருக்கு மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. வாக்கியம் வராததால் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தாளை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த சொல்லை எழுதுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். 'சனிக்கிழமை' என்ற சொல்லுக்குப் பழைய நாட்காட்டி ஒன்றின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது. 'சாப்பாட்டுக் கூடம்' என்பதற்கு மூன்று பேரின் உறுதிமொழி.

தெருவில் அவருக்குப் பீரங்கியார் என்று பெயர். படையில் பீரங்கியோடு பதினேழு ஆண்டுகள் இருந்ததால் வந்த பெயர் அது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரோடு பேச வேண்டுமென்றால் பீரங்கி போலக் கத்த வேண்டியிருப்பதால் வந்தது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தால் நகர மாட்டார். எதிரில் நின்று வாயசைத்தால் போதும், சத்தமே இல்லாமல் சொன்னாலும் பதில் வரும். இந்த வித்தையை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பீரங்கியடியில் படித்தார்.

ஒரு பீரங்கிக்கு ஏழு பேர். குண்டை ஏற்றுகிறவர், மூடுகிறவர், குறி பார்க்கிறவர் என்று ஆளுக்கொரு வேலை. தலைவன் கட்டளை கொடுப்பான். முதல் வெடிக்குப் பிறகு எவன் காதிலும் எதுவும் விழாது. காதில் அடைக்கக் கொடுத்த பஞ்சு, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிற கதைதான். ஆகவே ஏழு பேரும் தலைவனின் வாயைப் பார்த்தே வேலை செய்தார்கள். அவன் உதடு குவிந்தால் ஏற்று, விரிந்தால் விலகு. பதினேழு ஆண்டுகளில் அவர் காது போன வேகத்தைவிடக் கண் கூர்மையான வேகம் அதிகம். அதனால் காது போனது அவருக்கே வெகுநாள் வரை முழுதாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைத் தன் பிழையையும் சேர்த்தே அவர் எழுதி வைத்திருக்கிறார். படைப்பிரிவைக் கலைத்தார்கள். பட்டியலில் நாற்பத்து மூன்று பேர், எல்லாருக்கும் ஒரே நாளில் விடுதலை. மருத்துவ அதிகாரி அப்போது இளைஞர், புதிதாய்க் கல்யாணமானவர், பத்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டியவர். கூடத்தின் ஒரு கோடியில் அவர் நின்றார். இருபது அடி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டில் வந்து நிற்கிறவனிடம் அவர் ஓர் எண்ணைக் கிசுகிசுப்பார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

பீரங்கியார் நான்காவது ஆள். முகத்துக்கு முகம் நின்றார். அதிகாரியின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"ஐம்பத்தாறு, சார்" என்றார் இவர்.

"நல்ல காது!"

ஏன் சொன்னோம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. காது சரியில்லை என்று எழுதினால் படை மருத்துவமனையில் மூன்று மாதம் கிடத்திப் போடுவார்கள். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஐந்தாவது ஆள் கோட்டுக்கு வருவதற்குள் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரிசை முழுவதையும் ஒருமுறை கண்ணால் அளந்தார். பிறகு கை இரண்டையும் குவித்துக்கொண்டு உரக்கக் கேட்டார்:

"டேய், மத்தவங்க எல்லாருக்கும் காது கேக்குதாடா?"

"கேக்குது, சார்!" என்று கூடமே அதிர்ந்தது.

முப்பத்தொன்பது பேரின் செவித்திறன் அந்த ஒரு முழக்கத்தில் சோதித்து முடிக்கப்பட்டது. எழுத்தர் முன்கூட்டியே பெயர்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்த படிவங்களில் அதிகாரி வரிசையாக எழுதிக்கொண்டே போனார்: வலது காது இருபது அடி, இடது காது இருபது அடி, இயல்பு. கீழே கையொப்பம், கடைசியில் தூண்டில் முள் போல மேல்நோக்கி வளைந்த ஒரு வால். வண்டியைப் பிடித்துவிட்டார் என்று கேள்வி.

விடுதலைக்குப் பிறகு பீரங்கியார் பொது நூலகத்தில் பைண்டராகச் சேர்ந்தார். கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, தைத்து, பசை தடவி, அட்டை கட்டும் வேலை. உலகத்திலேயே சத்தமில்லாத வேலை. மூச்சைச் சற்று வேகமாக விட்டால் நான்கு பேர் திரும்பி முறைக்கிற இடம். அங்கேதான் அவர் படிக்கவும் கற்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர், தைக்க வந்த சட்டப் புத்தகங்களைத் தைப்பதற்கு முன் ஒருமுறை, தைத்த பின் ஒருமுறை படித்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. அதற்குள் காதுக்குள் ஓர் இரைச்சல் குடியேறி, கடைசியில் வெளிச்சத்தமே வராமல் கதவைச் சாத்திக்கொண்டது.

2013இல், பணியினால் ஏற்பட்ட செவியிழப்பு என்று விண்ணப்பித்தார். மனைவிக்கும் சேர்த்துச் சார்ந்தோர் உதவி. கீழ் அலுவலகம் மறுத்தது: விடுவிப்பின்போது செவித்திறன் இயல்பு. மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார். 2016 ஜூனில் விசாரணை. மூன்று பேர் எதிரில் அமர்ந்து கேட்டார்கள், அவர் மூவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துப் பதில் சொன்னார். தட்டுத் தடுமாறாமல், மரியாதையாக, ஒரு சொல் கூடுதலின்றிச் சொன்னார். வெளியே வந்தபோது மனைவியிடம், "பிச்சு ஒதறிட்டேன்" என்றார்.

தீர்ப்பின் ஒன்பதாம் பத்தி இப்படி இருந்தது: 'மனுதாரர் எல்லாக் கேள்விகளுக்கும் உடனுக்குடன் பொருத்தமாக விடையளித்தார். தமக்குக் காது கேட்பதில்லை என்று அவர் கூறுவது நம்பத்தக்கதன்று.'

நம்பத்தக்கதன்று. பீரங்கியார் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். பீரங்கியடியில் கற்ற கலையை வைத்தே தன்னைப் பொய்யனாக்கிவிட்டார்கள்.

தீர்ப்போடு மருத்துவ ஆலோசகரின் கருத்துரை ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. செவியிழப்புக்கு முதுமையே காரணம், பணி அல்ல. விடுவிப்புச் சோதனை முறையாக நடத்தப்பட்டிருக்கிறது, ஐயுறக் காரணமில்லை. கீழே கையொப்பம். கடைசியில் தூண்டில் முள்.

அவர் எழுந்து போய் 1989ஆம் ஆண்டுப் படிவத்தை எடுத்து வந்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். வால் வாலின் மேல் விழுந்தது. தான் நடத்திய சோதனைக்குத் தானே நற்சான்று எழுதியிருக்கிறார் டாக்டர்.

மனைவி எதிரில் வந்து நின்று வாயை அசைத்தார். "என்னங்க, மொகம் இப்படி ஆயிருச்சு?"

"ஆளு கெடைச்சுட்டான்" என்றார் பீரங்கியார்.

அன்றிலிருந்து அவர் கேட்டது பணத்தை அல்ல. எந்தக் கை 'இயல்பு' என்று எழுதியதோ, அந்தக் கையே 'நான் சோதிக்கவில்லை' என்று எழுத வேண்டும். அதைத் தைத்து, அட்டை கட்டி, முதுகில் தங்க எழுத்து பொறித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தன் கண் மூட வேண்டும் என்று அவர் கறுவிக்கொண்டார்.

முதலில் விதியைத் தேடினார். நூலகத்தின் பழைய அரசு வெளியீடுகளுக்கு நடுவே கரையான் தின்றது போக மிச்சமிருந்த படை மருத்துவக் கையேடு கிடைத்தது. பன்னிரண்டாம் பிரிவு: சோதிக்கப்படுபவர் சோதிப்பவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். உதடுகளைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. பீரங்கியார் அந்த வரியைப் படித்துவிட்டு, பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் தனக்கென்று விட்டு வைத்திருந்த பைண்டிங் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். நான்கு பேர் திரும்பி முறைத்தார்கள்.

பிறகு வரிசையில் தன்னோடு நின்ற மற்றவர்களைத் தேடினார். கடிதம் கடிதமாக எழுதினார். சிலர் முகவரி மாறியிருந்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், ஒருவர் மட்டும், 'எனக்கு நன்றாகவே கேட்கிறது, தொந்தரவு செய்யாதே' என்று பதில் எழுதினார். மூன்று ஆண்டுகளில் இருபத்தாறு படிவங்களின் நகல் வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் அதே இருபது அடி, அதே மை, அதே வால்.

இருபத்தேழாவதற்கு ஆள் தேட, பழைய முகவரி ஏதாவது கிடைக்குமா என்று அவர் நேரிலேயே ஒரு வீட்டுக்குப் போனார். ஒல்லி என்று அவர்கள் கூப்பிட்ட ஓட்டுநரின் வீடு அது. பீரங்கியை இழுக்கும் லாரியை ஓட்டியவன். 1989 பிப்ரவரி இருபதாம் தேதி, லாரி சரிவில் கவிழ்ந்து செத்துப்போனான். அவன் மனைவி இப்போது ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவர். ஒரே அறை, ஒரு கட்டில், துணி போட்டு மூடிய தையல் இயந்திரம்.

"கும்பிடறேன் அண்ணே. உக்காருங்க. காதுதான் போச்சுன்னு சொன்னாங்க, முடியும் போயிருச்சே" என்றார் அவர், இவர் பார்வைக்கு நேராக வந்து நின்று.

"அது டாக்டர் மேல போட முடியாதும்மா. அதுக்கு நானே பொறுப்பு."

சிரித்துவிட்டு, வந்த காரணத்தைச் சொன்னார். அவனுடைய உடைமைகளோடு ஏதாவது தாள் வந்ததா? பழைய படம், கடிதம், எதுவானாலும் சரி.

அந்த அம்மாள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அடியிலிருந்து ஒரு நீண்ட உறையை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவரை அடக்கம் பண்ணி ரெண்டு மாசம் கழிச்சு இது தபால்ல வந்துச்சு அண்ணே. பிரிச்சுப் பாத்தேன். அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இதைக் கிழிச்சுப் போட்டிருக்கணும். ஏனோ கிழிக்கல."

வரிசை எண் முப்பத்தொன்று. ஒல்லியின் பெயர், அவன் படை எண். சோதனை நாள்: மார்ச் பதினொன்று. வலது காது இருபது அடி. இடது காது இருபது அடி. இயல்பு. கீழே தூண்டில் முள்.

பீரங்கியார் இரண்டு முறை படித்தார். எழுத்தர் பெயர்ப்பட்டியலை முந்தைய மாதத்துக் கணக்கிலிருந்து அடித்திருக்கிறார். முழக்கத்தை வைத்தே படிவங்களை நிரப்பிய டாக்டர், எதிரில் நிற்பது நாற்பத்து மூன்று தலையா நாற்பத்திரண்டா என்றுகூட எண்ணவில்லை. மண்ணுக்குள் போய்ப் பத்தொன்பது நாளான ஒருவனுக்கு, இருபது அடி தூரத்திலிருந்து கிசுகிசுத்தது இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"செத்தவருக்குக் கேட்டுச்சு. உயிரோட இருக்கற எனக்குக் கேக்கலைன்னா மட்டும் நம்ப மாட்டானாம்" என்றார்.

"இதைக் குடுத்தா என் கோப்பைத் திறப்பாங்களா அண்ணே?" அந்த அம்மாளின் குரல் அவருக்குத் தெரியவில்லை, ஆனால் உதடு நடுங்கியது தெரிந்தது. "மார்ச்சுல உயிரோட இருந்தாருன்னு அவங்க தாளே சொல்லுதே. அப்போ பிப்ரவரிலேந்து வாங்கினது தப்புன்னு ஆரம்பிச்சா? எனக்கு வர்ற சார்ந்தோர் உதவி ஒண்ணுதான் அண்ணே. கண்ணு மங்கிருச்சு, இன்னும் எத்தனை காலர் தைப்பேன்?"

பீரங்கியார் பொய் சொல்லவில்லை. "திறக்கலாம். இறப்புச் சான்று இருக்கறதால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா திறந்து பாத்து, அலைய விடலாம்."

அந்த அம்மாள் உறையை மடியில் வைத்துத் தடவினார். பிறகு நீட்டினார்.

"அந்த லாரிக்கு பிரேக் சரியில்லைன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாரு. அது ஒருத்தர் காதுலயும் விழல. அவரைக் கூட்டிட்டுப் போங்க. நிக்க வச்சுக் கேளுங்க அந்த ஆளை."

இணைப்பு 31 என்று அதற்கு எண் கொடுத்தார் பீரங்கியார். அதற்கு முன்னால் இருபத்தெட்டு இணைப்புகள்தான் இருந்தன. இரண்டு எண்களை வேண்டுமென்றே வெறுமையாக விட்டார். ஒல்லிக்கு அவன் எண்ணே இருக்கட்டும்.

மறுஆய்வு விசாரணை 2019 அக்டோபரில் வந்தது. மாடியில் நீளமான அறை. ஒரு கோடியில் மேசை. நடுவில் தலைவர், நரைத்த தலையும் கனத்த கண்ணாடியுமாக ஓர் அம்மையார். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். ஓரத்தில், தலைவருக்கு எட்டும் தூரத்தில், மருத்துவ ஆலோசகர். இளைஞர் போய்த் தொந்தியும் வழுக்கையுமாகியிருந்தார். பீரங்கியாருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கு இவரைத் தெரியவில்லை.

பீரங்கியார் வணங்கினார். பிறகு மனுதாரருக்கான நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, வாரியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி, மேசையைப் பார்த்தபடி, மடியில் ஒரு கோடு போட்ட நோட்டுடன்.

"இது மரியாதைக் குறைவு இல்லீங்க அம்மா" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "கையேடு, பன்னிரண்டாம் பிரிவு. இணைப்பு நாலுல இருக்கு. சோதிக்கப்படறவன் முதுகைக் காட்டணும். முப்பது வருஷம் லேட்டு. இருந்தாலும் உங்க விதியை நானே நிறைவேத்திடறேன். கேளுங்க. என் பெண்டாட்டி எழுதிக் காட்டுவா. எழுதிக் காட்டாத கேள்விக்கு என்கிட்டேருந்து பதில் வராது."

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார்: எதிரில் சுவரோடு சுவராகக் கண்ணாடிக் கதவு போட்ட கோப்பு அலமாரி. அதில் மேசையும் நான்கு முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. அவர் கண்களை மூடிக்கொண்டார். திருட்டு வேலை செய்ய அவர் வரவில்லை. மனைவி முழங்காலில் தட்டினால் கண்ணைத் திறந்து நோட்டைப் படிப்பார், பதில் சொல்லிவிட்டு மறுபடி மூடுவார்.

இடையில் என்ன நடந்தது என்பதை மனைவி சொல்லித்தான் பின்னர் தெரிந்துகொண்டார். தலைவர் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அசையவில்லை. ஓர் உறுப்பினர், "உங்க பர்ஸ் கீழ விழுந்திருக்கு பாருங்க" என்றிருக்கிறார். அசையவில்லை. டாக்டர் சும்மா இருக்காமல் ஒரு தடித்த கோப்பைத் தூக்கி மேசையில் அறைந்திருக்கிறார். அறையில் இருந்த அத்தனை பேரும் தூக்கிவாரிப் போட்டு உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் கோவிலில் தியானம் செய்கிறவர் மாதிரி இருந்தாராம்.

ஒரே ஒரு கேள்வி நோட்டில் வந்தது: படைக்குப் பிறகு சத்தமான இடத்தில் வேலையா?

"நூலகத்துல" என்றார் பீரங்கியார். தலைவர்கூடச் சிரித்துவிட்டாராம்.

பிறகு இணைப்பு 31 மேசைக்குப் போனது. அதோடு இறப்புச் சான்றும். தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டாக்டரிடம் நகர்த்தினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"அப்படித்தான் தெரியுது, மேடம்."

"இவர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருக்கே?"

டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷம் ஆச்சு, மேடம். எனக்கு ஞாபகம் இல்ல."

மனைவி முழங்காலில் தட்டி நோட்டைக் காட்டினார்: 'கேள்வி முடிஞ்சுது. பேசிக்கறாங்க. கண்ணைத் திறங்க.' பீரங்கியார் திறந்தார். எதிரில் அலமாரிக் கண்ணாடியில் டாக்டர் தலைவரின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். பதினேழு ஆண்டுகள் புகைக்கு நடுவே வாயைப் படித்த கண்ணுக்கு, பளபளக்கும் கண்ணாடியில் ஒரு வாயைப் படிப்பது பெரிய வேலை இல்லை.

"அவருக்குக் குடுத்துடலாம், மேடம். சந்தேகத்தோட பலன்னு எழுதிடுங்க. அந்தத் தாளைப் பத்தி மட்டும் எழுத வேணாமே. நான் மார்ச்சுல ரிட்டயர்டு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பீரங்கியார் வாய் திறக்கவில்லை. திறந்தால், கேட்கிறது என்பார்கள். நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டு, வணங்கிவிட்டுக் கீழே இறங்கினார். படியிறங்கும்போது கைப்பிடியை அவர் இறுக்கிய இறுக்கில் மனைவி பயந்துவிட்டார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பதிவுத் தபாலில் தீர்ப்பு வந்தது. மனைவிதான் முதலில் படித்தார். சமையலறையிலிருந்து ஓடி வந்து, அவர் முன்னால் நின்று, கத்தவும் செய்தார், வாயையும் அகல அகல அசைத்தார்.

"கெடைச்சிருச்சுங்க! ரெண்டு பேருக்கும்! 2013லேந்து!"

பீரங்கியார் தாளை வாங்கி மேசையில் வைத்து, அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். ஏழு பக்கம். 'சந்தேகத்தின் பலன் மனுதாரருக்கு அளிக்கப்படுகிறது.' 'முந்தைய தீர்ப்பின் அவதானிப்புகள் குறித்துக் கருத்துக் கூறத் தேவையில்லை.' இணைப்பு 4 இருந்தது. இணைப்பு 28 வரை இருந்தது. இணைப்பு 31 எங்குமே இல்லை. ஒல்லியை இரண்டாம் முறையாகப் புதைத்திருந்தார்கள்.

"என்னங்க, சிரிக்கவே மாட்டேங்கறீங்க?"

"சந்தேகமாம். அங்க என்ன சந்தேகம் இருந்துச்சு? என்னைப் பொய்யன்னு எழுதினது அப்படியே இருக்கு. அவன் எழுதின பொய்யும் அப்படியே இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். அந்தக் குப்பையை யாரு எடுத்துப் படிக்கப் போறா?"

"அவன் படிப்பான். மார்ச்சுல மாலை போட்டு அனுப்புவாங்க. அன்னிக்கு அவன் தப்பிச்சுட்டோம்னு சிரிப்பான் பாரு, அந்தச் சிரிப்பு எனக்கு இங்கேருந்தே தெரியுது."

மறுநாள் வாரியத்தின் முகப்பு எழுத்தரிடம் விவரம் கேட்கப் போனார். ஆறு ஆண்டுப் பழக்கம். அந்த மனிதர் இவருக்காக நிமிர்ந்து, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"பெரியவரே, சொன்னாக் கேளுங்க. தொண்ணூறு நாளைக்குள்ள யார் மனு போட்டாலும் தீர்ப்பு முழுசாத் திறக்கும். குடுத்ததை இல்லைன்னு சொல்ல இவங்களுக்கு ஒரு பத்தி போதும். ஜெயிச்சுட்டீங்க. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுங்க."

"நீங்க சொல்றதை எழுதித் தருவீங்களா?"

"ஐயோ, ஆளை விடுங்க சாமி" என்று எழுத்தர் கும்பிட்டார்.

வீட்டில் அவர் மூன்று நாள் யோசித்தார். யோசித்தது தனக்காக அல்ல. கிடைத்தது பறிபோனால் மனைவிக்கு வருவதும் போகும். நான்காம் நாள் காலையில், அலமாரிக் கண்ணாடியில் பார்த்ததை மனைவியிடம் முதல் முறையாகச் சொன்னார். டாக்டரின் ஒவ்வொரு சொல்லையும் சொன்னார்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, சன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றார். அது அந்த வீட்டில் பேச்சைத் தொடங்குகிற முறை.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? கல்யாணமான புதுசுல வெளக்கை அணைச்சுட்டு எவ்வளவு பேசுவோம். நீங்க படையிலேந்து வந்தப்புறம், வெளக்கை அணைச்சா நமக்குள்ள பேச்சு நின்னுடும். முப்பது வருஷம். இருட்டுல நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்களைத் திட்டணும்னாக்கூட ஸ்விட்சைப் போட்டுட்டுத்தான் திட்டணும்." அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். "அதை வயசுன்னு எழுதினான்ல அவன்? விடாதீங்க. போனாப் போகட்டும், நான் கஞ்சி காய்ச்சித் தரேன். எழுதுங்க. கீழ என் பேரையும் போடுங்க."

"ஒல்லி வீட்டுத் தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடணும்."

"நேத்தே போய்க் கேட்டுட்டேன். 'இன்னுமா எழுதல?'ன்னு கேட்டாங்க."

அவர் எழுதினார். முதல் வாக்கியம் ஏற்கெனவே தயாராக இருந்தது. மேலே இருக்கும் குற்றச்சாட்டுதான் அது. அதன் கீழே தன் பிழையை எழுதினார்: ஐம்பத்தாறு என்ற எண்ணைக் காதால் அல்ல, கண்ணால் கேட்டேன். அதற்கும் கீழே அலமாரியை எழுதினார்: அதன் நீளம், நாற்காலியிலிருந்து அதன் தூரம், அதில் தெரிந்த வாய், அந்த வாய் சொன்ன நான்கு வாக்கியங்கள். பிறகு நான்கு பிரதிகள் எடுத்துத் தைத்தார். 2020 ஜனவரி இருபதாம் தேதி மனைவியே முகப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் தேதி முத்திரை குத்தும் வரை நகராமல் நின்றார்.

கடைசிப் பத்தி பின்வருமாறு:

'எனக்கு அளித்த உதவியைத் திரும்பப் பெற வாரியம் விரும்பினால் பெற்றுக்கொள்ளட்டும், தடுக்க மாட்டேன். நான் கேட்பது ஒரே கேள்வி. அதற்குத் தங்கள் மருத்துவ ஆலோசகர், ஓய்வு பெறுவதற்கு முன்பாக, தம் கைப்பட விடை எழுத வேண்டும். 1989 மார்ச் பதினொன்றாம் நாள், வரிசை எண் முப்பத்தொன்றுக்கு இருபது அடி தூரத்திலிருந்து அவர் கிசுகிசுத்த எண் எது? அதற்கு அவன் சொன்ன பதில் என்ன? முப்பது நாட்களுக்குள் பதில் எழுத்து மூலமாக வேண்டும். நேரில் அழைக்க வேண்டாம். தொலைபேசியிலும் கூப்பிட வேண்டாம். எனக்குக் காது கேட்காது.'